வாத்துகள் நடித்த படத்துக்கு நான் எழுதிய மனு

மாடிப் போர்ஷன் கேட்டு வந்த அன்று அந்தப் பெண் தன்னை வீடியோ கலைஞர் என்று சொல்லிக்கொண்டாள். கல்யாண வீடியோ எடுக்கிறவள் போலிருக்கிறது என்று நினைத்து, முகூர்த்த நாட்களில் விடியற்காலையிலேயே வண்டி வந்து ஹார்ன் அடிக்குமா என்று கேட்டேன். இல்லை, மாடு, பறவை, வயல் இதைத்தான் எடுப்பேன் என்றாள். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். ஊர் சென்னை. தஞ்சாவூரையும் கும்பகோணத்தையும் விட்டுவிட்டு நடுவில் இருக்கிற பாபநாசத்துக்கு ஏன் வந்தாள் என்று கேட்டதற்கு, "இங்கதான் மேடம், ஜன்னலைத் திறந்தா ஒண்ணுமே இல்ல" என்றாள்.

முப்பத்து நான்கு வருடம் வருவாய்த் துறையில் இருந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள் நான். அந்த ஜன்னலுக்கு வெளியே தெரிகிற ஒண்ணுமில்லாததில் எத்தனை உட்பிரிவு, எத்தனை கூட்டுப் பட்டா, அதில் எத்தனை பேர் கோர்ட்டில் நிற்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். குடிவரும் முன்பே ஒருத்தியின் ஜன்னலைக் கெடுக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கூடத்துச் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிவிட்டு, தான் எடுத்த படம் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். மழையில் ஓர் எருமை நிற்கிறது. இருபத்திரண்டு நிமிடம் நிற்கிறது. அதன் பின்னால் வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். பத்தாவது நிமிடத்தில் ஒரு காதை ஆட்டியது. எப்போது நகரும் என்று கேட்டேன். நகராது என்றாள். பிறகு எதற்கு இருபத்திரண்டு நிமிடம் என்றேன்.

"மூணு நிமிஷம்னா நீங்க எருமையைப் பார்த்துட்டு எழுந்து போயிடுவீங்க மேடம். இவ்வளவு நேரம் ஆனாத்தான் அது உங்களைப் பார்க்குதுன்னு தெரியும்."

அசையாமல், பதிலும் சொல்லாமல் பார்க்கிற பார்வையை மேலதிகாரிகளின் மேசைக்கு எதிரே நின்று நிறையவே அனுபவித்திருக்கிறேன் என்று சொன்னேன். சிரித்தாள். ஆனால் படம் முடிந்து சுவர் வெளுத்தபோது, கூடம் இவ்வளவு காய்ந்து கிடக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியதை அவளிடம் சொல்லவில்லை.

அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. சினிமாவில் பசு வந்தால் அது தாய், நாய் வந்தால் விசுவாசம், காக்கை வந்தால் சாவு. வயல் வந்தால் அங்கே யாரோ பாடப் போகிறார்கள். எந்தப் பிராணியையும் அதன் சொந்த வேலையைச் செய்ய யாரும் விடுவதில்லை. அவள் படத்தில் மனிதர்கள் வரக் கூடாது. மனிதர் வந்த அடுத்த நொடியே பார்ப்பவர்கள் கதை கேட்க ஆரம்பித்துவிடுவார்களாம். நான் நிலத்தை ஆட்கள் இல்லாமல் பார்த்ததே கிடையாது. ஆட்கள் இல்லாத நிலத்துக்கு எங்கள் அலுவலகத்தில் புறம்போக்கு என்று பெயர், அதிலும் நாலு பேர் குடியிருப்பார்கள்.

குறுவை அறுவடை முடிந்து தாளடி நடவுக்கு முன்னால் இரண்டு மூன்று வாரம் வயல்கள் சும்மா கிடக்கும். சிந்தின நெல்லும் நத்தையும் புழுவும் மேய, வெளியூரிலிருந்து வாத்து மந்தைகள் வரும். அந்த ஐப்பசியில் என் வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலைத் தாண்டியிருந்த வயலுக்கு அரக்கோணம் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். எண்ணூறு வாத்துகள் இருக்கும். வரப்போரம் ஒரு தார்ப்பாய்க் கூடாரம், இரவில் வாத்துகளை அடைக்க வட்டமாக ஒரு வலை, அவ்வளவுதான் குடும்பம். அவர் அதிகம் பேச மாட்டார். மனைவி அவருக்கும் சேர்த்துப் பேசுவார்.

மாடிக்காரி அன்றைக்கே காமிராவோடு இறங்கிவிட்டாள். சேற்றில் ஒரு பலகையை வைத்து, அதன் மேல் காமிராவை வாத்தின் கண் உயரத்துக்கு வைத்தாள். அந்த உயரத்தில் பார்த்தால் அறுத்த நெல்லின் அடித்தாள் காடு மாதிரி தெரிகிறது. அந்தக் காட்டுக்குள் ஆயிரத்து அறுநூறு கால்கள் சப்புச் சப்பென்று நடந்து வரும். காமிராவை ஓட விட்டுவிட்டு அவள் வரப்புக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்வாள். வாத்துக்காரரும் மனைவியும் படத்தில் விழாமல் தள்ளி நிற்க வேண்டும்.

"எங்கள எடுக்க மாட்டாங்களாம். நாங்க வளத்த வாத்தை மட்டும் எடுப்பாங்களாம்" என்று அந்த அம்மாள் என்னிடம் முறையிட்டார். "மூஞ்சி கழுவிட்டு வந்தேன்மா இன்னிக்கு."

இது வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. கெடுத்தது நான்.

வெளிநாட்டில் ஒரு கண்காட்சிக்கு அந்தப் படம் போக வேண்டியிருந்தது. படப்பிடிப்பில் விலங்குகள் துன்புறுத்தப்படவில்லை என்று உறுதி சொல்லும் படிவம் ஒன்றை அவர்கள் அனுப்பியிருந்தார்கள். அதில் அவளே கையெழுத்துப் போட்டு அனுப்ப இருந்தாள். நான் விடுவேனா. தானே தனக்குக் கொடுத்துக்கொள்ளும் சான்றுக்கு என்ன மதிப்பு, முத்திரை வேண்டாமா, வாத்துகள் நலமாக இருக்கின்றன என்று கால்நடை மருத்துவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எவனும் கேள்வி கேட்க மாட்டானே என்றேன். வேண்டாம் மேடம், அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்வதற்குள் நான் மனுவை எழுதி முடித்திருந்தேன்.

நல்ல மனு. பொருள், பார்வை, புல எண், வாத்துகளின் தோராய எண்ணிக்கை, உரிமையாளரின் சொந்த ஊர், எல்லாம் இருந்தது. படம் எடுத்தவளும் இல்லை, வாத்துக்காரியும் இல்லை என்றாலும் விண்ணப்பதாரர் இடத்தில் என் பெயரையே போட்டேன், பதில் விரைவாக வரும் என்று. அடியில் என் கை தானாக 'நகல்' என்று எழுதி ஒரு கோடு போட்டது. கோட்டுக்குக் கீழே மாவட்ட அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம், ஊராட்சி அலுவலகம் என்று மூன்றையும் எழுதியது. சர்வீஸ் முழுக்க நகல் போடாமல் நான் ஒரு கடிதமும் அனுப்பியதில்லை. நகல் போட்டால்தான் மூலத்தை எவனும் அமுக்க முடியாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

கால்நடை மருத்துவர் முப்பது வயதுக்காரர், நல்ல மனிதர். நேரில் போய்க் கேட்டிருந்தால் மறுநாள் வரப்பில் நின்று வாத்துகளைப் பார்த்துவிட்டு ஒரு வரி எழுதிக் கொடுத்திருப்பார். மூன்று அலுவலகங்களின் பதிவேட்டில் வரவு வைத்த கடிதத்துக்கு அப்படிச் செய்ய முடியாது. பக்கத்து மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் என்று அப்போது ஓர் எச்சரிக்கை வேறு அமலில் இருந்தது. வெளியூர் வாத்து மந்தை ஒன்று இன்ன புல எண்ணில் மேய்கிறது என்று எழுத்தில் வந்த பிறகு மேலிடம் சும்மா இருக்குமா. நாலாம் நாள் டாக்டர் இரண்டு உதவியாளர்களோடு முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு வந்தார். வாத்துகளின் தொண்டையில் பஞ்சை விட்டு மாதிரி எடுத்தார்கள். முடிவு வரும்வரை மந்தை அந்த வயலை விட்டு நகரக் கூடாது என்று ஒரு தாளை வாத்துக்காரரிடம் கொடுத்து ரேகை வாங்கினார்கள்.

"நோவு இருக்குதுன்னு வந்துச்சுனா?" என்று அவர் மனைவி கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு, வந்தால் அத்தனையையும் அழிக்க வேண்டியிருக்கும் என்றார்.

அந்த அம்மாள் டாக்டரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "எங்க வாத்து இங்க இருக்குதுன்னு யாரும்மா எழுதிப் போட்டது?"

நான்தான் என்று சொன்னேன். அன்றையிலிருந்து என்னை அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அவர்களிடம் வேறு எதுவும் கிடையாது என்பதை நான் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ஊரில் நிலம் இல்லை. வருடத்தில் பத்து மாதம் இந்த மந்தையோடு வயல் வயலாக நடப்பதுதான் பிழைப்பு. மந்தை போனால் திரும்பிப் போய் உட்கார ஓர் இடம் கிடையாது.

வயல்காரருக்கு வேறு அவசரம். என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர். ஊரில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி அவரும் என்னைத் தாசில்தாரம்மா என்றுதான் கூப்பிடுவார். அரசாங்கம் தராத பதவி உயர்வை ஊர் கொடுத்திருந்தது. வாசலில் வந்து நின்று, செருப்பைக் கழற்றாமல் பேசினார்.

"நாத்து முத்திப் போவுது தாசில்தாரம்மா. டிராக்டர் சொல்லி வச்சிருக்கேன். வாத்தை வச்சுக்கிட்டு நான் எப்படிச் சேறடிக்கிறது? உங்க படத்துக்கு என் வயல்தான் கெடைச்சுதா?"

என் படம் இல்லை என்று சொல்ல நினைத்தேன். மனுவில் இருந்தது என் பெயர்.

எண்ணூறு வாத்துகள் ஒரே வயலில் நின்றால் சிந்தின நெல் எத்தனை நாளைக்கு வரும். மூன்றாம் நாளே வயலில் தாளும் தண்ணீரும்தான் மிஞ்சின. வாத்துகள் அலகைச் சேற்றில் விட்டு விட்டு வெறுமனே எடுத்தன. இரைச்சல் மாறியது. முன்பு மேயும்போது கசகசவென்று தங்களுக்குள் பேசிக்கொள்ளும். இப்போது வலைப் பக்கம் ஆள் வந்தால் மொத்தமாகக் கத்தின. என் சமையலறையில் நின்றால் கேட்கும். மாடிக்காரி தினமும் காமிராவை வைத்துக்கொண்டுதான் இருந்தாள். பட்டினியையும் எடுப்பாயா என்று கேட்டேன். "நல்லா மேயறப்ப மட்டும் எடுத்தா அது விளம்பரம் மேடம்" என்றாள்.

செய்த தப்பைச் சரிக்கட்ட எனக்குத் தெரிந்த ஒரே வழி ஏதாவது ஏற்பாடு செய்வது. பழைய பழக்கத்தில் ஒரு ரைஸ் மில்காரரிடம் போனேன். ஒரு காலத்தில் அவர் உரிமம் புதுப்பிக்க என் மேசைக்கு வந்தவர். மூலையில் அடுக்கியிருந்ததில் இரண்டு மூட்டை நொய்யை உடனே ஏற்றிவிட்டார். ஆட்டோவில் வரும்போது ஒரு மக்கல் வாடை அடித்தது. மழையில் நனைந்த சாக்கு என்று நினைத்தேன். சேற்றைக் கிளறித் தின்கிற வாத்து வாடை பார்க்குமா என்றும் நினைத்தேன். வாத்துக்காரர் மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டார். மனைவி என்னைப் பார்க்காமலேயே மற்றதை வாங்கி வைத்தார். ஆனால் முதல் அன்னக்கூடையைக் கொட்டியதும் வாத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்ததைப் பார்த்து, லேசாகத் தலையை ஆட்டினார். அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அதற்கு மூன்றாம் நாள் மாலை மாடிக்காரி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். முகம் சரியாக இல்லை. ஒரு துண்டு காட்டுகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

காலையில் எடுத்தது. காமிரா வழக்கம்போல் சேற்று மட்டத்தில் இருக்கிறது. அவள் பலகையை வைத்துவிட்டுக் காபி குடிக்க வீட்டுக்கு வந்திருக்கிறாள். பதினைந்து நிமிடம் ஒன்றும் இல்லை. வெறும் தாள், தூரத்தில் வாத்துகள், வரப்பு, வானம். பிறகு திரையின் வலது ஓரத்தில், அவள் எந்தக் காரணத்துக்காகவும் வரக் கூடாது என்று சொல்லியிருந்த இடத்தில், ஓர் ஆள் வருகிறார். வாத்துக்காரர். இடது கையில் மண்வெட்டி. வலது கையில் மூன்று வாத்துகளைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார். வரப்போரம் உட்கார்ந்து பள்ளம் தோண்டுகிறார். மூன்றையும் உள்ளே வைத்து மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து, மேலே தாளைப் பிடுங்கிப் போடுகிறார். அப்புறம் அங்கேயே கொஞ்ச நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். எருமையைப் பார்த்த மாதிரி நான் இதையும் கடைசிவரை பார்த்தேன்.

தடையில் இருக்கும் மந்தையில் ஒரு பறவை செத்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும். டாக்டர் கொடுத்த தாளில் மூன்றாவது பத்தி. அது எதற்காக எழுதப்பட்டது என்பதும் எனக்குத் தெரியும். காய்ச்சலாக இருந்தால் நாளைக்கு ஊரில் இருக்கிற கோழி அத்தனையும் போகும், அதைத் தொட்ட மனிதர்களுக்கும் ஆபத்து.

போனை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"நான் உங்ககிட்ட காட்டினது சாட்சி இல்ல மேடம். எனக்குத் தாங்கல, அதனால காட்டினேன்."

"எனக்கும்தான் தாங்கல" என்றேன். "பார்த்தாச்சு. பார்க்காத மாதிரி இருக்க எனக்குத் தெரியாது."

டாக்டரிடம் சொன்னேன். அவர் இருட்டுவதற்குள் வந்துவிட்டார். பள்ளம் இருக்கும் இடத்தை நான்தான் காட்ட வேண்டியிருந்தது. படத்தில் பார்த்ததை வைத்து நேராகப் போய் நின்றேன். மூன்றையும் எடுத்துப் பையில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த பிறகுதான் எதையும் செய்வார்கள், அதற்கு முன் ஒரு வாத்தையும் தொட மாட்டார்கள், அதுதான் விதி என்று நான் வாத்துக்காரரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிதான் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"அந்தப் பொட்டி வாத்தைத்தான் பாக்குதுன்னு சொன்னீங்க."

மாடிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாளிலிருந்து அவள் காமிராவை எடுத்துக்கொண்டு போகவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலை எட்டரை மணிக்கு டாக்டர் போன் செய்தார். உயிரோடு இருந்தவற்றில் எடுத்த மாதிரியில் காய்ச்சல் இல்லை. செத்தவற்றிலும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காருவதற்குள் அவர் மேலே சொன்னார்.

"ஈரல்தான் மேடம் போயிருக்கு. பூஞ்சை புடிச்ச தீனி. வாத்துக்குக் கொஞ்சம் போனாலே போதும், கோழி மாதிரி தாங்காது. யாரோ கெட்டுப்போன நொய் குடுத்திருக்காங்க. இருந்தா உடனே நிறுத்தச் சொல்லுங்க."

யாரோ என்று அவர் சொன்னது தெரியாமல்தான். சொல்லிவிடுகிறேன் என்றேன்.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டுவதற்கு முன்பே டிராக்டர் சத்தம் கேட்டது. வயலில் வலை இல்லை, கூடாரம் இல்லை. டிராக்டர் பாதி வயலைச் சேறாக்கியிருந்தது. கொக்குகள் அதன் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தன. வயல்காரர் வரப்பில் டீ குடித்துக்கொண்டு நின்றார். விடியும்போதே லாரி வைத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், கொள்ளிடம் தாண்டி அரியலூர்ப் பக்கம் என்று பேச்சு என்றார். நீங்கள் தடுக்கவில்லையா என்று அவரைக் கேட்டேன். "நான் எதுக்குத் தடுக்கணும்? தடுக்கறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்றார். தீனி மூட்டையை விட்டுவிட்டுப் போனார்களா என்று கேட்டேன். ஒன்று காலி. லாரியில் முதலில் ஏற்றியதே இன்னொன்றைத்தான் என்றார்.

வாத்துக்காரரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. என்னையும் டாக்டரையும் தவிர அவருக்கு யார் போன் செய்யப் போகிறார்கள்.

கொள்ளிடப் பாலத்துக்கு இந்தப் பக்கம் அந்த எச்சரிக்கைக்காகத் தற்காலிகமாக ஒரு சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். பறவை ஏற்றிய எந்த வண்டியும் தாள் இல்லாமல் தாண்ட முடியாது. லாரி அங்கேதான் நிற்கும். வெயில் ஏறும். வாத்துகள் கத்தும். கத்தினால் அந்த அம்மாள் கையில் இருப்பதைத்தான் போடுவார்.

மாடிக்காரியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து முதலில் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். விடுவிப்பு உத்தரவு முறைப்படி தபாலில் வரும் என்றார் டாக்டர். தபால் எத்தனை நாளில் வரும் என்று எனக்கு அவர் சொல்ல வேண்டியதில்லை. பரிசோதனை முடிவு மின்னஞ்சலில் வந்திருக்கிறது, தடை விதித்தவரே நீக்கலாம், நேரில் கொடுத்து ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம் என்று விதியைச் சொன்னேன். எழுத உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். எண்ணிக்கைக்கு முன்னால் 'தோராயமாக' என்று போடச் சொன்னேன், சாவடியில் எண்ண ஆரம்பித்துவிடப் போகிறார்கள் என்று. முத்திரை குத்தும்போது, "நகல் யாருக்கெல்லாம் மேடம்?" என்று கேட்டார்.

"யாருக்கும் வேண்டாம்."

திருப்பனந்தாள் ரோட்டில் அவள் ஓட்டின ஓட்டத்தை வேறு யாராவது ஓட்டியிருந்தால் இறங்கி நடந்திருப்பேன். ஒரு தடவை மட்டும், ஓர் ஆட்டு மந்தை குறுக்கே போனபோது, அவள் பிரேக் போட்டு நின்று, அவை முழுவதும் போய் முடியும்வரை கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஆடுகளை அவள் பார்க்காமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

லாரி சாவடிக்கு ஐம்பதடி முன்னால் நிழல் இல்லாத இடத்தில் நின்றது. மூங்கில் கூண்டுகள் மூன்றடுக்கு. வாத்துகள் கத்தவில்லை. அலகைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு வாங்கின. வாத்துக்காரர் சாவடிக் காவலரிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காவலர் தாள் இல்லாமல் விட முடியாது என்பதை நாற்பதாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், குரலில் கோபம்கூட இல்லை. வாத்துக்காரரின் மனைவி லாரியின் பின்புறம் கீழே குந்தி, ஒரு பேசினில் தண்ணீர் விட்டு நொய்யைப் பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் சாக்கு வாய் திறந்து கிடந்தது. மேல் கூண்டு ஒன்றின் வாயில் ஏற்கெனவே ஈரமாக ஏதோ ஒட்டியிருந்தது.

நான் முதலில் தாளைக் கொடுக்கப் போகவில்லை. அந்த அம்மாளிடம் போனேன்.

"போடாதீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கை பேசினுக்குள்ளேயே இருந்தது.

"காய்ச்சல் இல்லன்னு வந்துடுச்சு. தாள் கொண்டாந்திருக்கேன், லாரி போகலாம். ஆனா இதைப் போடாதீங்க. அந்த மூணும் இதைத் தின்னுதான் செத்துச்சு."

"இன்னாது?"

"நான் குடுத்த நொய்யில பூஞ்சை இருந்திருக்கு."

அவர் கையை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே முகர்ந்துகொண்டிருந்தார். நான் ஆட்டோவில் முகர்ந்தது அவருக்குத் தெரிந்துவிட்டதுபோல் எனக்கு இருந்தது.

"எனக்கும் வாடை அடிச்சுது" என்றார். "பெரிய எடத்து ஆளு, கெட்டதையா குடுக்கப் போறாங்கன்னு போட்டேன்."

மாடிக்காரி என் கையிலிருந்து உத்தரவை வாங்கிக்கொண்டு போய்க் காவலரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் படித்துவிட்டு, பெயரும் நேரமும் குறித்துக்கொண்டு கையைக் காட்டினார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். வாத்துக்காரர் பேசினைக் கவிழ்க்கப் போனார். மண்ணில் கொட்டினால் காக்கையும் கோழியும் தின்னும் என்று நான் தடுத்தேன். அவர் அதையும் சாக்குக்குள்ளேயே கொட்டி, வாயைச் சணலால் கட்டி, சாக்கைத் தூக்கி என் காலடியில் வைத்தார். மனைவி லாரியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"நேத்தும் போட்டேன். இன்னிக்குக் காலையிலயும் போட்டேன். மிச்சதுக்கு இன்னா ஆவும்?"

ஐந்தாறு நாள் போனால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுத்தமான தீனியும் நிறையத் தண்ணீரும் கொடுத்தால் பெரும்பாலும் தேறும். அதைச் சொன்னேன். போன் செய்யுங்கள், எந்த ஊராக இருந்தாலும் அங்கே இருக்கிற டாக்டரிடம் பேசுகிறேன் என்றேன்.

"எழுதிப் போடாத இருங்க. அது போதும்" என்றார் அவர்.

லாரி பாலத்தில் ஏறியது. சாக்கை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கொண்டுவந்து, டாக்டர் சொன்னபடி கொல்லையில் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

அதற்குப் பிறகு நான் காத்திருந்தேன். வேறு எதுவும் செய்வதற்கில்லை. யாரிடம் விண்ணப்பிப்பது. எந்த ஊரில் மேய்கிறது என்று தெரியாத மந்தைக்கு எந்த அலுவலகமும் கிடையாது. அவர் போன் ஒரு நாள் அணைந்திருந்தது, மறுநாள் மணி அடித்தது, எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நானாகவே அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

மாடியில் அவள் படத்தைச் சேர்க்கும் வேலையில் உட்கார்ந்துவிட்டாள். கண்காட்சிக்குத் தேதி நெருங்கிவிட்டதாம். புதைக்கிற துண்டை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். எடுத்துவிட்டேன் என்றாள். ஆள் வருவதாலா என்றேன். அவரிடம் கேட்கவில்லை, அதனால் என்றாள். அந்த ஒரு வாரமும் காலையிலிருந்து மாலைவரை தளத்துக்கு மேலே அந்த எண்ணூறு வாத்துகளும் நடந்துகொண்டிருந்தன. நல்லபடியாக மேய்ந்த நாட்களின் கசகசப்பு. நிற்கும், மறுபடி முதலிலிருந்து வரும். சோற்றுக்கு உலை வைக்கும்போது கேட்கும், குளிக்கும்போது கேட்கும். சத்தத்தைக் குறைக்கச் சொல்ல இரண்டு முறை மாடிப்படி ஏறினேன். பாதியில் நின்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

ஏழாம் நாள் பதினோரு மணிக்குப் போன் வந்தது. வாத்துக்காரர்தான். அவர் மனைவி பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது கேட்டது.

"இன்னும் பதினாலு போச்சும்மா" என்றார். "நாலு நாளா ஒண்ணும் சாவல. மத்ததுங்க மேயுது."

எந்த ஊரில் என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை. அதைக் கையில் பிடித்தபடியே வரப்பில் நடக்கிறார் போலிருந்தது. சேற்றில் கால் வைக்கிற சத்தமும், அதற்கு அப்பால் வாத்துகளும் கேட்டன. மாடியிலிருந்தும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் படியடியில் போய் நின்று, அதைக் கொஞ்சம் நிறுத்தம்மா என்று அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.